பைக்காரா நீரும் கெடா வெயிலும்

சுங்கை லாலாங் என்னும் ஊர்ப்பெயருக்கு லாலாங் புல் மண்டிய ஆறு என்று பொருள் கொள்ளலாம். சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்குக்கும் அண்மையில் உள்ள இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பர்க் காடாக நின்றது. லாலாங் வெயில் விரும்பும் புல்; காட்டை அழித்துத் திறந்துவிட்ட மண்ணில் விரைந்து பரவி இடுப்பளவு வளரும். அதை வேரோடு தோண்டி எறிவதும், ரப்பர்க் கன்று மரமாகி நிழல் கவியும் வரையில் மீண்டும் மீண்டும் களைவதும் தோட்டத்துக்கு வந்த தமிழனின் தொடக்கக்கால வேலைகளாக இருந்தன. 1909-ஆம் ஆண்டில் கெடா சயாமின் மேலாதிக்கத்தினின்று நீங்கிப் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தபின் இவ்வேலைக்கென்றே கங்காணிகள் கப்பல் கப்பலாக ஆள் சேர்த்து வந்தனர். நிழல் வந்தால் புல் மடியும். புல் மடிந்தால் களைவேலை ஒழியும். ஆயினும் அதற்குள் மரம் பால் கொடுக்கத் தொடங்கிவிடுமாகலின், அதைவிடப் பெரிய வேலை பிறந்துவிடும்.

இன்று அதே வட்டாரத்தில் வெயில் விரும்பும் வேறொரு பயிர் நடப்படுகிறது. புக்கிட் செலம்பாவில் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 30 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. வடக்கே குரூணிலும் கிழக்கே கோலக்கெட்டிலிலும் 50 மெகாவாட் நிலையங்கள் அதற்கு முன்னரே எழுந்துவிட்டன. புகையில்லை, கரியில்லை; காற்று கெடுவதில்லை. இத்தகைய முதலீட்டினால் சுற்றுவட்டார மக்களுக்கு வேலை கிடைக்கும் என்று அரசாங்கங்கள் கூறுவது வழக்கம். அக்கூற்று எவ்வளவு மெய்யானது என்று எடைபோடுவதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே தக்க அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஓர் அரசாங்கம் தூய மின்சாரத்தில் தானே பணம் போட்டு, அதனால் ஒரு நாட்டுப்புறத்தின் பிழைப்பே உருமாறிய வரலாறு அது. நிகழ்ந்த இடம் நீலகிரி, ஆண்டு 1932.

முதல் உலகப் போருக்குப் பிற்பட்ட சென்னை மாகாணத்தின் பெருங்குறை நிலக்கரி இல்லாமை. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கப்பலிலோ இரயிலிலோ அது வந்து சேரவேண்டும். கோயம்புத்தூரை எட்டுவதற்குள் கரியின் விலையைக் கூலிச் செலவு விழுங்கிவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி பயனுக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்தே. மாகாணத்தின் மேற்கு விளிம்பிலோ பருவமழை வீணே கொட்டிக்கொண்டிருந்தது. முக்குருத்திச் சிகரத்தருகே பிறந்து, தோடர்கள் தெய்வமாகப் போற்றும் பைக்காரா ஆறு, பீடபூமியின் வடவிளிம்பில் சட்டென்று இறங்கி மோயாற்றில் கலக்கிறது. அவ்வாற்றின் நீர் ஏராளம் என்று சொல்வதற்கில்லை. அதன் செல்வம் உயரத்தில் இருந்தது. கிளென்மார்கன் உச்சிக்கும் சிங்காரா அடிவாரத்துக்கும் இடையே 3,000 அடிக்கு மேற்பட்ட வீழ்ச்சி. அக்காலத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே இத்துணை உயரத்திலிருந்து நீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்த நிலையம் வேறில்லை என்று பெருமை பேசப்பட்டது.

வீழும் நீரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஹார்வி சகோதரர்கள் 1885-ஆம் ஆண்டிலேயே பாபநாசத்துக்கு அருகே விக்கிரமசிங்கபுரத்தில் தாமிரபரணியின் விசையால் பஞ்சாலை ஓட்டினர். ஆனால் அங்கே நீர் இருக்கும் இடத்துக்கு ஆலை போகவேண்டியிருந்தது. கம்பியில் மின்சாரம் போகத் தொடங்கியதும் இக்கட்டு அவிழ்ந்தது. ஆறு மலையில் இருக்கலாம், ஆலை சமவெளியில் இருக்கலாம். இவ்வுண்மையை முதலில் பயன்கொண்டது மைசூர் சமஸ்தானம். 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மைசூர் அரசு தானே நிலையம் அமைத்து, நூறு மைலுக்கு அண்மித்த தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிற்று. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பம்பாய்ப் பகுதியில் வேறு வழி பின்பற்றப்பட்டது. அங்கே டாட்டா கம்பெனி 1915 முதல் மேற்குமலைத் தொடரில் மின்சாரம் எடுத்து நகரத்து ஆலைகளுக்கு விற்றது.

சென்னை சர்க்கார் எவ்வழியைக் கொள்வது? தனியாரிடம் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வரியை மட்டும் வாங்கிக்கொள்வது எளிய வழி. அக்காலத்து ஆங்கில ஆட்சியின் இயல்புக்கும் அதுவே பொருந்தும். எனினும் மாகாணம் மைசூரைப் பின்பற்றியது. 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் பைக்காராவையும் மேட்டூரையும் முன்னின்று நடத்தினார். 1927-ஆம் ஆண்டில் மின்சாரத்துக்கெனத் தனி இலாகா அமைந்தது. எச். ஜி. ஹோவார்டு அதன் தலைமைப் பொறியாளர். 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் சிங்காராவின் முதல் இயந்திரங்கள் சுழன்றன. முதற்கட்டத்தில் மூன்று இயந்திரங்கள். மொத்தம் ஏறத்தாழ 20,000 கிலோவாட். இன்றைய கணக்கில் இது அற்பம். புக்கிட் செலம்பாவின் 30 மெகாவாட்டைவிடக் குறைவு. ஆனால் நீர் இரவிலும் விழும், வெயில் இரவில் இராது. ஆகையால் இரண்டையும் எண்ணை வைத்து மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது.

வேலை நடந்த ஆண்டுகளைக் கவனித்தல் வேண்டும். உலகமே பொருளாதார மந்தத்தில் அழுந்திக் கிடந்த காலம் அது. நெல், பருத்தி, நிலக்கடலை எல்லாம் விலை சரிந்தன; கடன்பட்ட குடியானவன் நிலத்தை இழந்தான். அத்தகைய காலத்தில் மலையுச்சியில் சர்க்கார் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையா என்று கேட்டவர்கள் இருந்திருப்பின் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இதே ஆண்டுகளில் கெடாவில் நேர்ந்தது என்ன? ரப்பர் விலை 1932-இல் அடிமட்டத்தைத் தொட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி 1930-இல் 40 காசாகக் குறைக்கப்பட்டு, அதன்பின் மேலும் இறங்கியது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. 1930-க்கும் 1932-க்கும் இடையே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரே பொருளை, ஒரே வாங்குவோனை நம்பிய தொழிலின் தலைவிதி இது. அவ்வாறு திரும்பியவர்கள் கோவை ஆலைகளில் வேலை பெற்றனர் என்று கொள்வதற்கில்லை. அவர்களுள் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, வடஆற்காடு, சேலம் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். ஆயினும் ஒரு கரையில் பிழைப்பு மூடப்பட்ட அதே நேரத்தில் மறுகரையில் வேறொரு பிழைப்பு திறந்தது என்பது கருதத்தக்கது.

கோயம்புத்தூரில் பஞ்சாலை 1888-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஸ்டேன்ஸ் துரையின் ஆலை அது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளில் எழுந்தவை சிலவே. பைக்காரா மின்சாரம் வந்த பிறகோ, 1930-களின் முடிவுக்குள் ஆலைகளின் தொகை இரு மடங்குக்கு மேலாயிற்று. இதற்கு மின்சாரம் ஒன்றே காரணம் என்பது மிகை. கொங்குநாட்டுக் கரிசலில் கம்போடியாப் பருத்தி விளைந்தது. மந்தத்தினால் கூலி மலிந்திருந்தது. வேளாண்மையில் இலாபம் காணாத பணம் வேறு இடம் தேடிற்று. ஆனால் இவை மூன்றும் முன்னரும் ஓரளவு இருந்தவையே. ஓர் ஆலை தொடங்க விரும்பியவன் கொதிகலனும் கரிக்கிடங்கும் புகைபோக்கியும் கட்டவேண்டிய தேவையை ஒழித்ததுதான் பைக்காரா செய்த காரியம். சிறு முதலுடையவனும் துணிந்தான். ஆலைக்காரரில் பலர் நிலவுடைமைக் குடும்பத்தினராக இருந்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

ஆலையினும் பெரிய மாற்றம் கிணற்றடியில் நேர்ந்தது. கொங்குநாட்டுக் கிணறு பாறையைக் குடைந்து தோண்டிய ஆழக்கிணறு. இரண்டு எருதும் ஒரு கவலையும் ஓர் ஆளும் விடியற்காலை முதல் இறைத்தாலும் நனைவது சிறு துண்டு நிலமே. மின்சார மோட்டார் வந்ததும் அதே கிணறு பன்மடங்கு நிலத்தை நனைத்தது. கவலை இறைத்தவனுக்கு அவ்வேலை போயிற்று. ஆனால் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பருத்தி எடுப்புக்கும் ஆள் தேவை பெருகிற்று. அம்மோட்டாரைச் செய்வது யார்? முதலில் சீமையிலிருந்து வந்தது. பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். பார்த்தவன் பிரித்தான், பிரித்தவன் செய்யக் கற்றான். பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-இல் தொடங்கிய தொழிற்கல்வி நிலையம் அப்போது ஆயத்தமாக இருந்தது. 1937-ஆம் ஆண்டளவில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையிலேயே செய்யப்பட்டது. இதனுடன் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பெயரும் ஜி. டி. நாயுடுவின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. யார் முந்தியவர் என்ற வாதம் ஈண்டு வேண்டுவதில்லை. பின்னர் வார்ப்படப் பட்டறைகள் தெருத்தெருவாகப் பெருகின. சென்னை மாநிலம் மின்சாரப் பம்புசெட்டுத் தொகையில் இந்தியாவில் முதலிடம் வகித்ததும் அவற்றைச் செய்யும் தொழில் கோவையில் நிலைத்ததும் இவ்வழி வந்தவை. பிற்காலத்தில் அப்பம்புகளே நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளை வற்றச் செய்தன என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆக, வேலை பிறந்த இடம் எது? சிங்காராவில் நிலையாகப் பணிபுரிந்தவர் தொகை கோவையின் ஒரு சிறு ஆலையில் நூல் நூற்றவர் தொகைக்கும் ஈடாகாது. மின்நிலையம் வேலை தரவில்லை; மின்சாரம் போய்ச் சேர்ந்த இடங்கள் வேலை தந்தன. அவ்விடங்கள் மாகாணத்துக்குள்ளேயே இருந்தன, அங்கே பருத்தி இருந்தது, கற்றுக்கொள்ளக் கைகள் இருந்தன. சர்க்கார் தன் மின்சாரத்தை நாட்டுப்புறத்துக்கு விற்கவேண்டும் என்று கருதிக் கம்பியை ஊர் ஊராக நீட்டியது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து 1937-இல் மின்சாரம் தந்தபோதும், பாபநாசம் 1944-இல் தந்தபோதும் இதே முறை கையாளப்பட்டது. மேட்டூரின் அருகிலேயே 1936-இல் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானானபோது அங்கும் அதையே செய்தார். 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம், 1943-இல் ஆலுவாப் பக்கத்தில் அலுமினியத் தொழிற்சாலை.

வேலை வந்தது என்பதனால் வாழ்வு வந்துவிட்டது என்றும் முடிவு செய்யலாகாது. ஆலைகளில் கூலி குறைவு, நேரம் மிகுதி. 1946 ஜனவரி 8-ஆம் நாள் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதைக் கோவைத் தொழிலாளர் இன்றும் மறந்திலர். தொழில் பெருகியது மின்சாரத்தால். அத்தொழிலில் நியாயம் பிறந்தது தொழிற்சங்கத்தால்.

மலாயாவிலும் அதே காலத்தில் நீர்மின்சாரம் வந்தது. பேராக் ஆற்றில் செண்டெரோ அணை 1930-இல் பணி தொடங்கிற்று. கம்பெனி கட்டிய அந்நிலையத்தின் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போயிற்று. ஈயக்கப்பல் என்று மக்கள் வழங்கிய மிதவை இயந்திரம் மின்சாரத்தால் ஓடும்போது, நூற்றுக்கணக்கான ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாகச் செய்த வேலையைச் சிலர் செய்துவிடுவர். பைக்காராவின் நீர் ஆளைக் கூட்டியது. செண்டெரோவின் நீர் ஆளைக் குறைத்தது. நீர் ஒன்றே; மின்சாரம் எவர் கையில், எக்காரியத்துக்குப் போயிற்று என்பதே வேறுபாடு.

கெடாத் தோட்டங்களுக்கு இவ்விரண்டும் எட்டாத தொலைவில் இருந்தன. தோட்டத்தில் மின்சாரம் என்றால் ஆலையின் டீசல் இயந்திரம். துரை பங்களாவுக்கும் ஆலைக்கும் போக மீதியிருந்தால் லயத்துக்குச் சில மணி நேரம். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்த பின்னரும் பொதுக் கம்பி தோட்ட எல்லைக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. தோட்டம் தனியார் நிலமாயிற்றே. மின்சாரத்தைக் கொண்டு பட்டறை வைக்கவோ, தண்ணீர் இறைக்கவோ, சிறுதொழில் நடத்தவோ அங்கிருந்தவனுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லை. கோவைக் குடியானவனுக்கும் கெடாத் தோட்டத் தமிழனுக்கும் இருந்த அடிப்படை வேற்றுமை இதுவே. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது இவ்வுண்மை சுட்டது. அதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். வேலையைக் காப்பாற்ற நிலத்தை வாங்கவேண்டும் என்று அவர்கள் கண்டது பழைய செய்தியாயினும் இன்றைய சூரியத் தோட்டங்களைக் காண்பவர்க்கு அது பயன்படும்.

மலேசிய அரசமைப்பில் மின்சாரம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலம் மாநிலத்துக்கு உரியது. ஆகையால் கெடா மாநில அரசு பைக்காராவைப்போல் ஒரு மின்திட்டத்தைத் தானே நடத்திவிட முடியாது. அதன் கையிலுள்ள முதல் நிலமே. 1965-இல் அமைந்த கெடா மாநில வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தைத் தொழிலுக்குரியதாக்கும் கருவியாயிற்று. அக்கழகத்தின் துணை நிறுவனத்தின் பொறுப்பில், ரப்பருக்குப் பெயர்பெற்ற கூலிம் வட்டாரத்தில், ஹைடெக் பார்க் என்னும் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. சாலை, தண்ணீர், தடையில்லா மின்சாரம், பாலிடெக்னிக் முதலியவை ஒருங்கே அமைந்தன. தூய எரிசக்தியில் கெடா மாநிலம் செய்த முதலீடு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் இதனையே சுட்டவேண்டும். தொடங்கியபோது எவரும் இதை எரிசக்தி முதலீடென்று அழைத்ததில்லை என்றாலும்.

அமெரிக்காவின் அரிசோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட பர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2007-இல் கூலிமைத் தேர்ந்தெடுத்து, 2008-இல் உற்பத்தி தொடங்கியது. கண்ணாடித் தகட்டின்மேல் காட்மியம் டெல்லூரைடு என்னும் பொருளை மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்யும் சூரியத் தகடுகள் அவை. ஒரு முனையில் வெறுங்கண்ணாடியாக நுழைவது சில மணி நேரத்தில் மறுமுனையில் மின்சாரம் தரும் பலகையாக வெளிவரும். நான்கே ஆண்டுகளில் கூலிம் அந்நிறுவனத்தின் மிகப்பெரிய உற்பத்தித் தலமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். 2012-இல் ஜப்பானின் பானாசோனிக்கும் அங்கே தொழிற்சாலை திறந்தது. ஏறத்தாழ 1,500 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமூடி அணிந்து, தூசு புகாத கூடத்தில் இயந்திரத்தைக் கண்காணிக்கும் காலம் வந்தது. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு எழுந்த குடும்பத்தில், விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்கு எழுவது பெரிய மாற்றமாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் மாதச் சம்பளமும் சேமநிதியும் கைத்தொழில் அறிவும் சேர்ந்து வருவது சிறிய மாற்றமன்று.

இங்கேதான் பைக்காராவுக்கும் கூலிமுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. கோவை மோட்டாரை வாங்கியவன் அடுத்த ஊர்க் குடியானவன். கூலிமின் தகட்டை வாங்கியவர் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்தனர். ஐரோப்பிய அரசாங்கங்கள் சூரிய மின்சாரத்துக்குக் கொடுத்த சலுகையைக் குறைத்ததும் 2012-இல் பர்ஸ்ட் சோலார் கூலிமின் 24 உற்பத்தி வரிசைகளுள் நான்கை நிறுத்திற்று. சீனத்தின் மலிவுத் தகடுகளோடு போட்டியிடமாட்டாமல் பானாசோனிக் தன் சூரியத் தகட்டுத் தொழிலையே கைவிடுவதாக 2021-இல் அறிவித்து, கூலிம் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ரப்பரின் விலையை இலண்டனும் நியூயார்க்கும் முடிவு செய்த காலத்தில் கெடாத் தமிழன் கண்டதை அவன் பேரனும் கண்டான். சரக்குதான் மாறியிருந்தது. பர்ஸ்ட் சோலாருக்கு மலேசியா அளித்த நீண்டகால வரிவிலக்கு 2027-இல் முடியவேண்டும் என்பது ஏற்பாடு. இடையில் அந்நிறுவனம் தமிழ்நாட்டிலேயே ஒரு தொழிற்சாலை கட்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரி 11-ஆம் நாள் அது திறக்கப்பட்டது.

தமிழ்நாடு அந்நிலையை எய்தியதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1986 ஜனவரியில் தமிழ்நாடு மின்சார வாரியம் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறு காற்றாலைகள் சிலவற்றை நிறுவிற்று. மொத்தம் ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேல். இலாபத்துக்காக அன்று, காற்றில் மின்சாரம் கிடைக்குமா என்று காட்டுவதற்காக. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிலும் அடுத்தடுத்து அரசுக் காற்றாலைகள் எழுந்தன. அரசு முதலில் நட்டத்துக்குத் துணிந்ததனால் 1990-களில் தனியார் வந்தனர். அவர்களுள் கோவை, திருப்பூர் ஆலைக்காரர் பலர். தென்கோடியில் சுழன்ற காற்றாலையின் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தம் ஆலைக்குக் கொண்டுசென்றனர். கோபுரமும் இறக்கையும் பல்சக்கரப் பெட்டியும் செய்யும் தொழில் தமிழ்நாட்டிலேயே வேரூன்றியது. பைக்காரா கற்பித்த பாடம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கப்படவில்லை என்றே சொல்லவேண்டும். மின்சாரத்தை வாங்குபவனும் கருவியைச் செய்பவனும் ஒரே மண்ணில் இருந்தனர்.

இனிக் கெடாவின் சூரியத் தோட்டங்களை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டின் சட்டத்தால் சேடா எனப்படும் நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் சிறு உற்பத்தியாளரிடமிருந்து கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்கப்பட்டது. பின்னர் பெருநிலையங்களுக்கு ஏலமுறை வந்தது. அவ்வழியே எழுந்தவைதாம் குரூண், கோலக்கெட்டில், புக்கிட் செலம்பாவ் நிலையங்கள். குரூணில் நார்வே நாட்டு ஸ்காடெக் நிறுவனம் உள்ளூர்க் கூட்டாளியுடன் கட்டியது. மெர்லிமாவ் முதலிய ஊர்களைப் போலவே கெடாவும் உலக முதலீட்டின் வரைபடத்தில் இடம்பெற்றது என்று மகிழ்ந்தோர் உண்டு. ஆனால் கணக்கைப் பார்க்கவேண்டும்.

ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும். 50 மெகாவாட் என்றால் 200 ஏக்கருக்கு மேல். அதே 200 ஏக்கரில் ரப்பர் இருந்திருப்பின், ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் முறையில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஏழெட்டு ஏக்கர் வீதம் வைத்துக்கொண்டாலும், 25 பேர் பால் வெட்டுவர். களையெடுப்போர், பால் நிறுப்போர், ஆலைக்காரர், கங்காணி, கிராணி ஆகியோரைச் சேர்த்தால் ஒரு லயமும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு தமிழ்ப் பள்ளியின் சில வகுப்புகளும் அந்நிலத்தை அண்டி வாழும். சூரிய நிலையத்தைக் கட்டும்போது ஓராண்டுக்கு நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை உண்டு. கட்டி முடிந்ததும் எஞ்சுவோர் காவலர், தகடு கழுவுவோர், ஒன்றிரண்டு மின்பணியாளர். பிறகு புல் வெட்டுவோர். மரநிழல் இல்லாத திறந்த வெளியில் லாலாங் மீண்டும் தலைதூக்குமன்றோ! நூறாண்டுக்கு முன் கங்காணி எவ்வேலைக்கு ஆள் சேர்த்தானோ அவ்வேலையே ஒப்பந்தக்காரனிடம் எஞ்சி நிற்கிறது. நிலத்துக்கு வாடகை உண்டு. அது நிலமுடையவனுக்குப் போகும். புக்கிட் சீடிமை வாங்கியவர்கள் அன்றே கண்டுகொண்ட செய்தி இது.

இதனால் சூரிய மின்சாரம் வேண்டாம் என்பது பொருளன்று. ரப்பர் திரும்பி வரப்போவதுமில்லை. அந்நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டது. வேலையை எங்கே தேடுவது என்பதுதான் வினா. பைக்காராவின் பம்புசெட்டுக்கு ஒப்பான ஒன்று கெடாவில் இருக்குமாயின் அது வீட்டுக் கூரையாகவே இருக்கும். வீட்டுக்காரர் தம் கூரை மின்சாரத்தைப் பயன்படுத்தி மிச்சத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் திட்டம் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று; 2019-இல் அவ்விதிகள் வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் திருத்தப்பட்ட பிறகே அது சூடுபிடித்தது. பெருநிலையம் ஒரே ஒப்பந்தக்காரனுடைய வேலை. நூறு கூரையோ நூறு சிறு வேலை. ஏணி ஏறுவதற்கும், சட்டம் அடிப்பதற்கும், கம்பி இழுப்பதற்கும், ஐந்தாண்டு கழித்துப் பழுது பார்ப்பதற்கும் அவ்வூர் ஆளே வேண்டும். கப்பலில் ஏற்றி அனுப்பமுடியாத வேலை அது.

அவ்வேலைக்கு உரிமம் தேவை. எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழும், சேடா நடத்தும் கூரை மின்னமைப்புப் பயிற்சியும் அதன் வாயில்கள். கோவையில் மின்சாரம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிலையம் திறந்திருந்தது. சுங்கை லாலாங்கிலிருந்து சில மைல் தொலைவில், பீடோங்கை அடுத்த செமிலிங்கில், இந்தியச் சமூகத்தின் முயற்சியால் 2001-இல் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் இருக்கிறது. பட்டம் பெறுவோருக்கு அங்கே இடமுண்டு. பட்டம் வேண்டாத, மூன்றாம் நான்காம் படிவத்தோடு நின்ற தோட்டத்துப் பையனுக்கு வயர்மேன் சான்றிதழ் வாங்கிக்கொடுக்கும் இரவு வகுப்பு ஒன்று சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் தமிழ்ப் பள்ளிக் கட்டடம் ஒன்றிலேயே நடத்தலாம். அதற்கு வேண்டுவது மேசை, இணைப்புப் பலகை, பழைய சூரியத் தகடு இரண்டு, உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர்.